போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் ஸ்டோர்டு புரொசீஜர்களைச் சரிபார்க்க, ஃபங்ஷன்களை ஓட்டாமலே பிழை தேடும் பிஎல்பிஜிஎஸ்க்யூஎல்_செக் என்ற கருவியைப் போட்டிருக்கிறோம். அது ஒழுங்காகப் பிழை பிடிக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

சரியாக ஓடும் ஃபங்ஷன்களைக் கொடுத்து ‘பிழை இல்லை’ என்று வருவதைப் பார்ப்பது சோதனையே ஆகாது. எந்த வரியில் என்ன பிழை என்று உங்களுக்கு முன்பே தெரிந்த ஃபங்ஷன்களைக் கொடுங்கள்.

முதலில் இது: காலியான ஒரு டேபிளின் மேல் ஃபார் லூப் எழுதி, உள்ளே அந்த ரெக்கார்டில் இல்லாத ஃபீல்டு ஒன்றை ரெய்ஸ் நோட்டீஸில் போடுங்கள். கிரியேட் ஃபங்ஷன் இதை ஏற்றுக்கொள்ளும், அது இலக்கணத்தை மட்டுமே பார்க்கிறது. ஓட்டினாலும் பிழை வராது, டேபிள் காலி என்பதால் லூப்புக்குள் போவதே இல்லை. கருவி மட்டும் 42703 என்ற எஸ்க்யூஎல்ஸ்டேட்டோடு (பிழையின் வகையைக் குறிக்கும் குறியீடு) இதைச் சொல்ல வேண்டும். முடிவை டேபிளாகத் தரும் வடிவத்தைக் கூப்பிட்டு, அந்த எண்ணையும் வரி எண்ணையும் ஒப்பிடுங்கள். செய்தி வாசகத்தை ஒப்பிட்டால், சர்வரின் மொழி அமைப்பு மாறியதும் உங்கள் சோதனை உடையும். வரி எண் ஃபைலின் தொடக்கத்திலிருந்து அல்ல, ஃபங்ஷன் உடலின் டாலர் குறியிலிருந்து எண்ணப்படுகிறது.

ஒரே ஃபங்ஷனில் இரண்டு பிழை வைத்தால் ஒன்றுதான் வரும். முதல் பிழையிலேயே நிறுத்தச் சொல்லும் ஃபேட்டல்_எரர்ஸ் என்ற அமைப்பு இயல்பாகவே ட்ரூ. அதை ஃபால்ஸ் ஆக்குங்கள். பெர்ஃபார்மன்ஸ், செக்யூரிட்டி எச்சரிக்கைகளோ இயல்பாக அணைந்தே இருக்கும், பலர் இதைக் கவனிப்பதில்லை. செக்யூரிட்டிக்கு ஜோடியாகச் சோதியுங்கள்: டெக்ஸ்ட் பாராமீட்டரை அப்படியே ஒட்டி எக்ஸிக்யூட் செய்வது ஒன்று, கோட்_லிட்டரல் (மதிப்பைப் பாதுகாப்பாக மேற்கோளுக்குள் வைக்கும் ஃபங்ஷன்) போட்டு ஒட்டுவது இன்னொன்று. முதலாவதற்கு எச்சரிக்கை வர வேண்டும், இரண்டாவதற்கு வரக்கூடாது.

டேபிளில் மாற்றம் நடக்கும்போது தானாக ஓடும் ட்ரிகர் ஃபங்ஷனுக்கு எந்த டேபிள் என்பதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரே ட்ரிகர் ஃபங்ஷன் மூன்று டேபிள்களில் மாட்டப்பட்டிருந்தால் மூன்று முறை சோதியுங்கள். நியூ (புதிய வரிசை), ஓல்டு (பழைய வரிசை) இரண்டின் ஃபீல்டுகளும் டேபிளுக்கு டேபிள் மாறும்.

பொய் எச்சரிக்கை அதிகம் வருவது டெம்ப் டேபிளில், அதாவது தற்காலிக டேபிளில். ஃபங்ஷன் உள்ளேயே அதை உருவாக்கினாலும், கருவி ஃபங்ஷனை ஓட்டிப் பார்ப்பதில்லை. எனவே ‘அப்படியொரு டேபிள் இல்லை’ என்று சொல்லும். அதே செஷனில் டெம்ப் டேபிளை முன்கூட்டியே உருவாக்கிவிட்டுச் சோதித்தால் சரியாகும். ஓடும்போது துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டும் எஸ்க்யூஎல்லுக்குள் இருக்கும் பிழையை மட்டும் இதனிடம் எதிர்பார்க்காதீர்கள், அதற்கு ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட்தான் வேண்டும்.

கடைசியாக, பிழையில்லாத ஒரு ஃபங்ஷன் பயன்படுத்தும் ஃபீல்டை ஆல்டர் டேபிளால் நீக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ஃபங்ஷன் உடல் வெறும் எழுத்தாகச் சேமிக்கப்படுவதால் போஸ்ட்கிரெஸ் தடுக்காது, கருவி பிடிக்கும். ஆகவே மாற்றிய ஃபங்ஷனை மட்டும் அல்ல, ஒவ்வொரு மைக்ரேஷனுக்குப் (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றுவது) பிறகும், ஃபங்ஷன்களின் பட்டியல் இருக்கும் பிஜி_ப்ராக் டேபிளில் உள்ள எல்லா பிஎல்பிஜிஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்களையும் சோதனைக்கு அனுப்புங்கள்.