கையால் அடித்த காட்டுக் கத்தியின் வாய் நிற்குமா?

கொழும்புக்கு வெளியே சிறிய காணியொன்று வாங்கியிருப்பதாகவும், வேலி வெட்டவும் பற்றை துப்புரவாக்கவும் கொல்லரிடம் சொல்லிக் கத்தி செய்விப்பதா, கடையில் வெளிநாட்டுக் கத்தி வாங்குவதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். "கொல்லர் கத்தியின் கூர் ஒரு வாரம்கூட நிற்காது என்கிறார்களே, உண்மையா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

அந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்த பின் பதில் எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் அதே வாக்கியத்தை, கத்தியைச் செய்து தந்தவரின் முகத்துக்கு நேரே சொன்னவன் நான். சொன்னது தவறு என்று அன்றே அதே பட்டறையில் தெரிந்துகொண்டேன்.

நான் கொல்லனும் அல்லன், உலோகவியல் படித்தவனும் அல்லன். வெள்ளவத்தையில் வசித்துக்கொண்டு, அவிசாவளைப் பக்கத்தில் மனைவி வழியாக வந்த 40 பேர்ச் காணியைச் சனி, ஞாயிறுகளில் பராமரிக்கிறேன். சீமைக்கிளுவை வேலி, ஒரு மூங்கில் புதர், ஆறு தென்னை, மழை விட்டதும் இடுப்பளவு வளரும் பற்றை, இவைதாம் என் அனுபவத்தின் எல்லை. உங்கள் காணியும் ஏறத்தாழ அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் லொறி ஸ்பிரிங் பட்டை ஒன்றை வாங்கிக்கொண்டு, காணிக்கு அருகில் பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம் போனேன். அவர் சிங்களவர், நான் அவரைப் 'பாஸ்' (கைவினைஞரை அழைக்கும் சிங்களச் சொல்) என்பேன், அவர் என்னை 'மாத்தயா' (ஐயா) என்பார். பட்டையைச் சிறு சுத்தியலால் தட்டிக் காதருகே பிடித்து ஓசையைக் கேட்டார். நடுவில் ஆணித் துளை இருந்த பகுதியை வெட்டி ஒதுக்கிவிட்டு, மிகுதியிலிருந்து பதினொரு அங்குல நீளத்தில், முதுகு 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள கத்தியொன்றை அடித்துத் தந்தார். நுனிப்பக்கம் சற்று அகன்று பாரமாக இருந்ததால், கையை ஓங்கினால் போதும், மிகுதி வேலையைக் கத்தியே செய்தது. இரண்டு மாதம் வேலி முழுவதையும் வெட்டினேன். குறை சொல்ல எதுவும் இருக்கவில்லை.

பிறகு கூர் மங்கியபோது, அவிசாவளை வரை காத்திருக்கப் பொறுமையின்றிக் கொழும்பிலேயே ஒரு கடையில் கொடுத்து மின் கிரைண்டரில் தீட்டுவித்தேன். பொறி பறக்கத் தீட்டி ஐந்தே நிமிடத்தில் கையில் தந்தார்கள். முன்கை மயிரைச் சிரைக்கும் அளவுக்குக் கூர் இருந்தது. எனக்குப் பெரும் மகிழ்ச்சி. அடுத்த சனிக்கிழமை மூங்கில் கணுவில் நான்கு வெட்டு விழுந்ததுமே வாய், அதாவது வெட்டும் விளிம்பு, மடங்கிவிட்டது. கத்தியைத் திருப்பிப் பார்த்தபோது, கூர் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளிக் கம்பி போல ஒரு கோடு மின்னியது. நேரே பட்டறைக்குப் போய், மேலே சொன்ன வாக்கியத்தைச் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. கத்தியை வாங்கி, கூரையிலிருந்து விழுந்த வெயிலில் சாய்த்துப் பிடித்து, "மாத்தயா, இதை எங்கே தீட்டினீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில், வாயின் ஓரமாக இரண்டு விரல் நீளத்துக்கு மயில்கழுத்து நீலம் படர்ந்திருந்தது. நான் அதைக் கண்டிருந்தேன், அழுக்கு என்று நினைத்திருந்தேன். ஓர் அரத்தை எடுத்து முதலில் பிடிக்கு அருகிலுள்ள வாயில் இழுத்தார். அரம் வழுக்கிக்கொண்டு மேலோட்டமாகவே பிடித்தது. நீலம் படர்ந்த இடத்தில் இழுத்தபோது ஈயத்தில் இறங்குவது போல இறங்கியது. ஒரே கத்தி, ஒரே உருக்கு, நான்கு அங்குல இடைவெளியில் இரண்டு வேறு பொருள்களாக இருந்தது.

இதற்கான காரணத்தை நான் பின்னர் தேடிப் படித்தேன். லொறி ஸ்பிரிங்குக்குப் பயன்படும் உருக்கில் காபன் பெரும்பாலும் 0.6 வீதத்தை அண்டியிருக்கும். கூடவே சிறிது குரோமியமோ சிலிக்கனோ மங்கனீசோ சேர்ந்திருக்கும். அது அடி தாங்கவென்றே செய்யப்பட்ட உருக்கு. இரும்பு ஏறத்தாழ 770 பாகை செல்சியசில் காந்தத்தில் ஒட்டும் தன்மையை இழக்கிறது. அதற்கும் சற்று மேலே காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் உருக்கு மிகக் கடினமாகும், ஆனால் கண்ணாடியைப் போல் நொறுங்கவும் கூடும். ஆகவே மீண்டும் மெல்லிய சூடு காட்டி அந்த விறைப்பைத் தணிக்க வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய உருக்கில் 220 முதல் 240 பாகை வரை வைக்கோல் மஞ்சள் தோன்றும். 300 பாகையளவில் நீலம் வரும். வாய் வைக்கோல் நிறத்திலும் முதுகு நீலத்திலும் நிற்கும்படி பாஸ் தணித்திருந்தார், வாய்க்குக் கடினமும் முதுகுக்கு நெகிழ்வும் வேண்டும் என்பதற்காக. கிரைண்டர் சக்கரம் கடதாசி போல் மெலிந்த வாயை ஓரிரு நொடிகளில் அந்த நீலச் சூட்டுக்கு ஏற்றிவிடும். தண்ணீரில் அடிக்கடி தோய்த்துத் தீட்டியிருந்தால் இது நேர்ந்திராது. கூர் வந்தது உண்மை. கூரைத் தாங்கும் கடினம் போய்விட்டது.

கிரைண்டர் செய்த இன்னொரு கெடுதலும் உண்டு. பாஸ் வாய்க்கு மேலே இரு பக்கமும் அரிசிமணியின் வயிறு போல மெல்லிய புடைப்பு விட்டிருந்தார். அந்தப் புடைப்புத்தான் வெட்டிய மரத்தை இரு புறமும் ஒதுக்கித் தள்ளி, கத்தி கௌவிக்கொள்ளாமல் காக்கிறது. கடைக்காரர் அதைச் சீவிச் சமையலறைக் கத்தியின் வாயாக்கியிருந்தார். காய்கறிக் கத்திக்குப் பக்கத்துக்கு 15 பாகைக் கோணம் போதும். மரம் வெட்டும் கத்திக்கு 20 முதல் 25 பாகை வரை வேண்டும்.

காலி வீதியோரத்தில் செவ்விளநீர் சீவுபவரின் கத்தி இதைவிட மெலிதாக இருந்தும் நன்றாக வெட்டுகிறதே என்று யாராவது கேட்கலாம். இளநீர் மட்டை ஈரமும் மென்மையும் உள்ளது. அவர் சாய்வாகச் சீவுகிறார், நேராகப் போடுவதில்லை. அந்தக் கத்தியை உலர்ந்த மூங்கில் கணுவில் போட்டால் ஒன்று வாய் மடங்கும், அல்லது சில்லுப் பறக்கும்.

பழைய ஸ்பிரிங்கில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம் என்று படித்தவர்கள் ஆட்சேபிப்பார்கள். அது நியாயமான ஆட்சேபம். ஓசை கேட்பதால் எல்லா வெடிப்பும் பிடிபட்டுவிடும் என்று நான் வாதாடவில்லை. வெளிநாட்டுக் கத்திகளைப் பழிக்கவும் இதை எழுதவில்லை. அவற்றில் ஒரே அளவான தோய்ச்சல் கிடைக்கும், அது பெரிய நன்மை. ஆனால் கொல்லரின் வேலையை மட்டமென்று ஒதுக்குபவர்கள், நம் நாட்டின் சமனலவெவைப் பகுதியில் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இரும்பு உருக்கிய உலைகளை அகழ்ந்தெடுத்து, 1996இல் நேச்சர் ஆய்விதழில் அறிக்கை வெளிவந்திருப்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நம் பத்திரிகைகளில் இத்தகைய கத்தியைக் குறிக்கும் மன்னா கத்தி என்ற சொல் வெட்டுக்குத்துச் செய்திகளில்தான் வருகிறது. சாக்கில் சுற்றி எடுத்துப்போன என் கத்தியின் பிடி வெளியே தெரிந்ததற்காக, முச்சக்கரவண்டிச் சாரதி ஒருவர் என்னை ஏற்ற மறுத்தார். வேலி வெட்டவும் விறகு பிளக்கவும் தேங்காய் உடைக்கவும் நாள்தோறும் பயன்படும் கருவிக்கு இந்தக் கெட்ட பெயர் வந்தது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். செய்வியுங்கள், கையில் வாங்கியதும் உலர்ந்த தென்னை மட்டையிலும் மூங்கில் கணுவிலும் பத்து வெட்டுப் போட்டு, வாயை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைக் கோடு மின்னினால் வாய் மடங்கியிருக்கிறது, பல்லுப் பல்லாகத் தெரிந்தால் விறைப்பு மிஞ்சியிருக்கிறது. இரண்டையும் கொல்லரால் திருத்த முடியும். கூராக்க அரமும் தண்ணீர் விட்ட கல்லும் போதும். நம் கடற்கரைக் காற்றில் ஒரே இரவில் துருப்பிடிக்கும். துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூசி வையுங்கள்.

அன்று பாஸ், நீலம் முழுவதும் தீரும்வரை ஈரக் கல்லில் தேய்த்து, புடைப்பையும் மீண்டும் எடுத்துத் தந்தார். கத்தி 3 மில்லிமீற்றர் அகலம் குறைந்தது. அதே வாய்தான் இன்றும் வேலியை வெட்டுகிறது. கொல்லரிடம் போகும்போது கைப்பேசியில் கத்திப் படம் காட்டாமல், வெட்டப்போகும் மரத்தில் ஒரு துண்டைக் கொண்டுபோங்கள். காணியில் மூங்கில் இருப்பதை நான் முதலிலேயே சொல்லியிருந்தால் வாயை இன்னும் சற்றுத் தடிப்பாகத் தாம் விட்டிருப்பார் என்று, கத்தியைத் திருப்பித் தரும்போது பாஸ் சொன்னார்.