இரவு ஷிப்ட் ஆட்களுக்கு மட்டும் ஆப்சென்ட் விழுவது பற்றி

இரண்டு வாசலிலும் விரல்ரேகை மெஷின், ஷிப்ட் இரவு 10 முதல் காலை 6 வரை, சிலருக்கு மட்டும் ஆப்சென்ட் என்று கேட்டிருந்தீர்கள். மெஷினை மாற்ற அவசரப்படாதீர்கள்.

வருகைப் பதிவு மென்பொருளில் நாள் நள்ளிரவு 12-க்கு மாறுகிறதா என்று முதலில் பாருங்கள். அப்படியென்றால் விடுமுறை முடிந்து வரும் முதல் இரவில் அந்தத் தேதிக்கு 10 மணிப் பதிவு ஒன்றே இருக்கும், ஆப்சென்ட் விழும். மறுநாள் காலை 6-ம் இரவு 10-ம் ஜோடி சேர்ந்து 16 மணி நேர வேலை என்று காட்டும். யாரும் புகார் சொல்லாததால் இந்தத் தவறு கண்ணில் படாது! அந்த ஷிப்டுக்கு மட்டும் நாள் மாறும் நேரத்தைப் பகல் 12 ஆக்கி, மாதம் முழுவதையும் மறுபடி கணக்கிடுங்கள்.

அப்படியும் சிலர் விடுபட்டால் நெட்வொர்க்கைப் பாருங்கள். இணைப்பு அறுந்த நேரத்துப் பதிவுகள் மெஷினிலேயே தங்கி, சம்பளக் கணக்கு முடிந்தபின் வந்து சேரலாம். கணக்குக்கு முன் இரு மெஷின்களின் பதிவு எண்ணிக்கையையும், பதிவுகள் வந்து சேரும் மையக் கணினியான சர்வரோடு ஒப்பிடுங்கள். இரு மெஷின்களின் கடிகாரமும், சரியான நேரத்தைத் தரும் ஒரே நேர சர்வரைப் பின்பற்றட்டும்.

மூலப் பதிவைத் திருத்தவே கூடாது. திருத்தம் தனி வரியாக, காரணத்தோடு இருக்கட்டும். ஆப்சென்ட் விழுந்ததும் தானாகச் சம்பளம் பிடிக்கும் வசதியை இப்போதே நிறுத்திவையுங்கள்.