வலிக்காத கட்டி: எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி

கேள்வி: எனக்கு வயது 27. நான்கு மாதங்களுக்கு முன்பு குளிக்கும்போது விதைப்பையின் இடது பக்கத்தில் பட்டாணி அளவில் ஏதோ கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை என்பதால் விட்டுவிட்டேன். இன்னும் அப்படியேதான் இருக்கிறது. இது தவிர, ஆண்குறியின் மொட்டைச் சுற்றி வெள்ளையாகச் சின்னச் சின்னப் பொரிகள் வரிசையாக இருக்கின்றன. மூன்று மாதத்தில் எனக்குத் திருமணம். டாக்டரிடம் காட்டக் கூச்சமாக இருக்கிறது. வலி இல்லாவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் நண்பர். அவர் சொல்வது சரியா?

பதில்: நண்பர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் இந்த இடத்தில் கணக்கு கொஞ்சம் தலைகீழ். விதையில் வலி வந்தால் அது பெரும்பாலும் கிருமித் தொற்றாகவோ, அடிபட்டதாகவோ, விதை முறுக்கிக்கொண்டதாகவோ இருக்கும். முறுக்கிக்கொள்வது அவசரம்தான். ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் விதையையே இழக்க நேரலாம். ஆனால் அந்த வலியோடு யாரும் வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார்கள், ஓடிவந்துவிடுவார்கள். விதையில் வரும் புற்றுநோயோ பெரும்பாலும் வலியே இல்லாமல், கெட்டியான ஒரு சின்ன உருண்டையாகத்தான் ஆரம்பிக்கிறது. அதுவும் முதியவர்களைவிட 15 முதல் 40 வயதுக்குள் இருப்பவர்களிடம்தான் அதிகம். உங்கள் வயது அதற்குள் வருகிறது.

இதைப் படித்ததும் தூக்கம் போய்விடப் போகிறது. எனவே அடுத்ததையும் உடனே சொல்லிவிடுகிறேன். விதைப்பையில் கட்டி என்று வருபவர்களில் பெரும்பாலானோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை. வலிக்கிறதா என்று நான் கேட்பேன்தான், ஆனால் அதைவிட எனக்கு முக்கியம் கட்டி எதோடு ஒட்டியிருக்கிறது என்பது. விதையின் உடம்பிலேயே பதிந்திருக்கிறதா, அதற்குப் பின்னால் தனியாக இருக்கிறதா, இல்லை மேல்தோலிலா?

இதை நீங்களே ஓரளவு பார்க்கலாம். வெந்நீரில் குளித்த பிறகு விதைப்பை தளர்ந்திருக்கும்போது, ஒரு விதையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே மெதுவாக உருட்டுங்கள். தோல் உரித்த அவித்த முட்டையைத் தொடுவதுபோல வழவழப்பாக இருக்க வேண்டும். பின்பக்கம், சற்று மேலே, மெத்தென்று முடிச்சு முடிச்சாகக் கயிறு மாதிரி ஒன்று தட்டுப்படும். அது விந்தணுக்கள் முதிர்ச்சி அடையும் குழாய்ச் சுருள். எல்லோருக்கும் உண்டு. அதைக் கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் கவலைப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு விதை மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாகவோ, சற்றுத் தாழ்வாகவோ தொங்குவதும் இயல்புதான்.

அந்தக் குழாய்ச் சுருளில் நீர்க்கட்டி வருவது மிகச் சாதாரணம். விதையிலிருந்து தனியாக, வழுக்கிக்கொண்டு நகரும். தொந்தரவு கொடுக்காத வரை அதை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. விதையைச் சுற்றி நீர் சேர்ந்தால் அது விரைவீக்கம். டார்ச் வெளிச்சத்தை ஒரு பக்கம் வைத்தால் மறுபக்கம் சிவப்பாக ஒளிரும். நின்றால் புழுக்கள் நிறைந்த பைபோலத் தட்டுப்பட்டு, படுத்தால் அமுங்கிவிடுவது நரம்புச் சுருள், அதாவது புடைத்துச் சுருண்ட ரத்தக் குழாய்கள். இடது பக்கம்தான் அதிகம் வரும். இருமினால் பெரிதாகி, மேலே தொடையிடுக்கு வரை நீண்டுபோவது குடலிறக்கம். இதையெல்லாம் வைத்து உங்கள் பட்டாணிக்கு நீங்களே பெயர் சூட்டிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். டார்ச் ஒளி ஊடுருவினாலும் உள்ளே விதை எப்படி இருக்கிறது என்பது ஸ்கேனில்தான் தெரியும்.

உங்கள் கட்டி விதையோடு ஒன்றாகப் பதிந்து, கெட்டியாக இருந்தால் இந்த வாரமே போய்க் காட்டுங்கள். தனியாக நகர்ந்தாலும் காட்டத்தான் வேண்டும், அவ்வளவு பதற்றம் தேவையில்லை. சின்ன வயதில் விதை கீழிறங்காமல் இருந்து அறுவை சிகிச்சை செய்திருந்தாலோ, அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ விதையில் புற்றுநோய் வந்திருந்தாலோ டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அங்கே என்ன நடக்கும் என்று தெரியாததால்தான் பாதிக் கூச்சம். உங்களை நிற்கவைத்தும் படுக்கவைத்தும் இரண்டு நிமிடம் தொட்டுப் பார்ப்பார்கள். பிறகு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கொஞ்சம் ஜெல் தடவி மேலே உருட்டுவார்கள், வலிக்காது. சந்தேகம் இருந்தால் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் என்று மூன்று ரத்தப் பரிசோதனைகள் எடுப்பார்கள். இதில் பீட்டா எச்சிஜி என்பது கர்ப்பத்தைக் கண்டுபிடிக்க உதவும் அதே ஹார்மோன். சில விதைக் கட்டிகளும் அதைச் சுரக்கும். அதற்காகக் கடையில் கர்ப்பப் பரிசோதனை அட்டை வாங்கி வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்று கிளம்பாதீர்கள். அதைச் சுரக்காத கட்டிகளும் நிறைய உண்டு.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். புற்றுநோய் என்ற சந்தேகம் இருக்கும்போது விதைப்பை வழியாக ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கக் கூடாது. கரு வளரும்போது விதை உருவாவது வயிற்றுக்குள், சிறுநீரகத்துக்குப் பக்கத்தில். அங்கிருந்துதான் கீழே இறங்கி வருகிறது. அதனால் அதன் நிணநீர், அதாவது புற்றுநோய் பரவ வழியாகிவிடும் உடல் திரவம், வடிவது வயிற்றுக்குள். விதைப்பைத் தோலின் நிணநீரோ தொடையிடுக்கு நெறிகளுக்குப் போகிறது. நடுவில் ஊசி குத்தினால், நோய்க்கு இல்லாத ஒரு பாதையை நாமே திறந்துவிட்டது போல ஆகிவிடும். எனவே எடுக்க வேண்டி வந்தால் தொடையிடுக்கில் கீறி, விதையை முழுதாக எடுத்துத்தான் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனால் மற்ற விதை ஆரோக்கியமாக இருந்தால் தாம்பத்தியத்துக்கும் குழந்தைக்கும் பெரும்பாலும் அது ஒன்றே போதும். சிகிச்சைக்கு முன்பே விந்தணுவைச் சேமித்து வைக்கவும் வழி இருக்கிறது, நீங்களே கேட்டு வாங்க வேண்டிய வசதி அது. 1970களில் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து வந்த பிறகு இந்த நோயின் கதையே மாறிவிட்டது. இன்று, ஆரம்பத்திலேயே பிடித்தால் 100 பேரில் 95 பேருக்கு மேல் குணமாகிவிடுகிறார்கள்.

சரி, அந்த வெள்ளைப் பொரிகள். மொட்டின் விளிம்பைச் சுற்றி ஒன்றோ இரண்டோ வரிசையாக, ஒரே அளவில், முத்துக் கோத்தது போல இருந்தால் அது நோயே அல்ல. பல ஆண்களுக்கு உண்டு. உடலுறவால் வந்ததும் இல்லை, மனைவிக்குத் தொற்றப் போவதும் இல்லை. கிள்ளாதீர்கள், மரு நீக்கும் களிம்பு எதையும் போடாதீர்கள். அந்தக் களிம்பு தோலைப் பொசுக்கிவிட்ட பிறகு என்னிடம் வந்தவர்கள் உண்டு, பொரியைவிட அதை ஆற்றுவதுதான் பெரும்பாடாகிவிட்டது.

வரிசையாக இல்லாமல் காலிஃபிளவர் மாதிரி சொரசொரப்பாகக் கொத்துக் கொத்தாக இருந்தால் அது எச்பிவி வைரஸால் வரும் மரு, தொற்றும். நடுவில் குழி விழுந்த பளபளப்பான பரு இன்னொரு வைரஸ், அதுவும் தொற்றக்கூடியதுதான். அப்புறம், இதே இடத்தில் வலிக்காமல் ஏமாற்றும் இன்னொன்று சிஃபிலிஸ். தொற்றியதிலிருந்து சுமார் 3 வாரத்தில் அடி கெட்டியான ஒரு புண் வரும், தொடையிடுக்கில் நெறி கட்டும், எதுவும் வலிக்காது. மருந்தே இல்லாமல் 3 முதல் 6 வாரத்தில் புண் தானாக ஆறியும் போகும். ஆறுவது புண்தான், கிருமி உள்ளேயே இருக்கும். ஆரம்பத்தில் பென்சிலின் ஊசியில் தீர்ந்துவிடக்கூடிய நோய் அது. முன்பு உடலுறவு இருந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லி, சிஃபிலிஸ், எச்ஐவி இரண்டுக்கும் ரத்தம் கொடுத்துவிடுங்கள். திருமணத்துக்கு முன்பே தெரிந்துகொள்வது இருவருக்கும் நல்லது.

யாரிடம் போவது என்றால், சிறுநீரியல் மருத்துவர் (யூராலஜிஸ்ட்) சரியான ஆள். கிடைக்காவிட்டால் பொது அறுவை சிகிச்சை மருத்துவரிடம் போகலாம், வழக்கமாகப் பார்க்கும் குடும்ப டாக்டரிடமே தொடங்கினாலும் சரி. வரவேற்பில் காரணம் கேட்டால் "டாக்டரிடம் தனியாகச் சொல்கிறேன்" என்றால் போதும். உள்ளே போனதும், "விதைப்பையில் நான்கு மாதமாக ஒரு கட்டி, வலி இல்லை" என்று சொல்லுங்கள். மீதிக் கேள்விகளை அவரே கேட்பார்.