அரங்குக்குப் பக்கத்தில் ஒரு வீடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெங்களூரில் பணி ஓய்வு பெற்று நானும் மனைவியும் ஊர் திரும்புகிறோம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அப்பா விட்டுப்போன பழைய வீடு இருக்கிறது. ஆனால் புதுச்சேரியில் பூல்வார்டுக்குள், அதாவது பழைய நகரைச் சுற்றி ஓடும் சாலைக்குள், ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறோம். அரங்குகள் எல்லாம் நடை தூரம். முப்பது வருடமாகக் கச்சேரி, நாடகம் எதற்கும் நேரமில்லாமல் போயிற்று. இனியாவது பார்க்க வேண்டும். கார் நிறுத்த இடம் குறைவு, கடல் காற்றில் சுவர் பொரிந்திருக்கிறது. கடலூர் வீட்டை விற்று இதை வாங்கலாமா? (பெயர் வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

சுவருக்கு ஒரு கொத்தனாரைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். காருக்கு என்னிடம் பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சந்தை போடுவார்கள், அன்று அந்தப் பக்கம் காரை எடுக்காதீர்கள். அவ்வளவுதான்.

'நடை தூரம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். நானும் அந்த ஆசையில் இரண்டு வருடம் புதுச்சேரி டவுனுக்குள் வாடகைக்கு இருந்தவன். மொட்டைமாடியில் நின்றால் பக்கத்து அரங்கில் மிருதங்கம் சுருதி சேர்ப்பது காதில் விழும். அந்த இரண்டு வருடத்தில் உள்ளே போய் உட்கார்ந்த நிகழ்ச்சிகளை எண்ண ஒரு கை விரல்களே அதிகம். 'இங்கதானே இருக்கு, அடுத்த வாரம் போவோம்.' அதற்கு முன்னால் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருந்தபோது, வேலை முடிந்த கையோடு பஸ் ஏறி, நின்றுகொண்டே புதுச்சேரி வந்து பார்த்திருக்கிறேன். கடைசி பஸ்ஸுக்காக முடிவைப் பார்க்காமலே எழுந்து ஓடியிருக்கிறேன். சில நாடகங்களில் கதாநாயகி செத்தாளா பிழைத்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கோபித்துக்கொள்ளாதீர்கள், கேட்கத்தான் போகிறேன். உங்கள் பெங்களூர் ஜே.பி. நகரில் ரங்க சங்கரா நாடக அரங்கு 2004-இலிருந்து இருக்கிறது. வயலின் வடிவத்திலேயே கட்டிய சௌடையா மண்டபம் அதற்கும் முன்பிருந்தே இருக்கிறது. எத்தனை முறை போனீர்கள்? நேரமில்லை என்பதை நான் நம்பவில்லை. அலுவலகம் விட்டதும் வீட்டுக்குத்தான் போயிருப்பீர்கள், எல்லோரையும் போல. இங்கே வந்தாலும் வீட்டுக்குத்தான் போவீர்கள். வீடு அரங்குக்குப் பக்கத்தில் இருக்கும், அதுதான் வித்தியாசம்.

அதோடு, எந்த அரங்குக்குப் பக்கம்? சூஃப்ரேன் வீதியில் உள்ள பிரெஞ்சுப் பண்பாட்டு மையம் அலியான்ஸ் பிரான்சேஸ் பக்கம்தான், சரி. இசை, நடனம் சொல்லிக்கொடுக்கும் பாரதியார் பல்கலைக்கூடம் அரியாங்குப்பத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கம். பல்கலைக்கழகத்தின் நாடகத்துறை காலாப்பட்டில். ஆதிசக்தி நாடகக் குழுவைப் பார்க்க ஆரோவில் பக்கம் போக வேண்டும். அந்த நாடகத்துறைக்கு யார் பெயரை வைத்தார்களோ, அந்தச் சங்கரதாஸ் சுவாமிகளே ஊர் ஊராக நாடகக் கம்பெனியோடு அலைந்தவர். 1922-இல் இந்தப் புதுச்சேரியில்தான் கண்ணை மூடினார். சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. பூல்வார்டுக்கு வெளியே.

என் ஆயாவைச் சொல்ல வேண்டும். கடலூருக்குத் தெற்கே எங்கள் கிராமம். திரௌபதி அம்மன் கோயில் அடுத்த ஊரில். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி பத்து மணிக்கு மேல் கூத்து. நாள் முழுக்க நடவு நட்டுவிட்டு வந்து, கஞ்சியைக் குடித்து, கோரைப்பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, என்னை ஒரு கையில் பிடித்து ஏரிக்கரை இருட்டில் நடப்பாள். விடியும்வரை கண் அசர மாட்டாள். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் துரியோதன வேஷக்காரன் ஒரு அடியை விட்டுப் பாடினால், 'டேய், விருத்தத்த முழுங்கிட்டியேடா!' என்று பாயிலிருந்தே கத்துவாள். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் அதையே பிடித்துக்கொண்டு, 'ராஜா, கெழவிக்குக் கணக்கு குடுத்துட்டுத் தொடையில அடி வாங்கு' என்பான். கூட்டம் சிரிக்கும். ஆயா சிரிக்க மாட்டாள். அந்த அடியை அவன் பாடிய பிறகுதான் வெற்றிலையை எடுப்பாள். திரும்பி வரும்போது விட்டுப்போன அந்த அடியை எனக்குப் பாடிக் காட்டுவாள், இரண்டு முறை, மூன்று முறை. வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவிக்கொண்டு மறுபடி நடவுக்கு.

கூத்துக்காரர்கள் பஸ் பிடிக்க எங்கள் ஊர் வழியாகத்தான் வர வேண்டும். காலையில் எங்கள் திண்ணையில் படுத்துத் தூங்குவார்கள். முகத்தில் அரிதாரம் பாதி அழிந்திருக்கும். ராத்திரி திட்டு வாங்கிய துரியோதனனுக்குத்தான் ஆயா முதலில் நீராகாரம் கொடுப்பாள். அவன் ஏதோ பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி எழுந்து உட்கார்ந்து குடிப்பான்.

உங்கள் கேள்வி பாதியில் நிற்கிறது. கடலூர் வீட்டை விற்காதீர்கள். புதுச்சேரியில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். எத்தனை நாள் அரங்குக்குப் போனீர்கள் என்று காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். வட்டம் தேறினால் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. இன்னொன்று, மனைவிக்கு எது பிடிக்கும், பாட்டா நாடகமா என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. இன்று ராத்திரி கேளுங்கள்.

மஞ்சக்குப்பம் வீட்டில் திண்ணை இருக்கிறதா? இடித்துவிட்டு கேட் போட்டுவிட்டார்களா? அதை எழுதுங்கள்.