டி, டு, டே, டோ

அன்புள்ள ஐயாவுக்கு,

எனக்கு முதல் பிள்ளை பிறந்திருக்கிறது, பெண் பிள்ளை. வருகிற கிழமை முப்பத்தொன்றாம் நாள் சடங்கு. ஆயிலியம் என்பதால் டி, டு, டே, டோ என்ற எழுத்துகளில் ஒன்றில்தான் பெயர் தொடங்க வேண்டும் என்று சாத்திரியார் சொல்கிறார். எனக்கும் கணவருக்கும் பிடித்தது கியாரா. ஆனால் ஒரு தளத்தில் அதற்கு ‘ஒளி பொருந்தியவள்’ என்றும், இன்னொன்றில் ‘கருமையானவள்’ என்றும் போட்டிருக்கிறார்கள். எது சரி? டியாரா, டிஷானா, அனன்யா என்பனவும் எங்கள் பட்டியலில் உண்டு. யாழினி, தமிழினி எல்லாம் ஊர் முழுக்க இருப்பதால் ஒருவரும் வைக்காத பெயராகப் பார்க்கிறோம். எண் சாத்திரப்படி ஆங்கிலத்தில் எப்படி எழுதினால் நல்லது என்றும் சொல்லுங்கள். மாமி தன் தாயாரின் பெயரை வைக்கச் சொல்கிறார். அது மிகவும் பழைய பெயர், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைப் பகிடி பண்ணுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

ஒரு வாசகி, கொக்குவில்

அன்புள்ள பிள்ளைக்கு,

முதலில் உடம்பைப் பாருங்கள். சரக்குக் கறி ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா? உங்கள் மின்னஞ்சல் வந்த நேரம் இரவு இரண்டு மணி. பச்சை உடம்புக்காரி அந்த நேரத்தில் தொலைபேசியில் பெயர் தேடிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

கியாராவுக்கு இரண்டு பொருளும் சரி. உண்மையில் அவை இரண்டு பெயர்கள். ஒன்று இத்தாலிக்காரருடையது. லத்தீனின் கிளாராவிலிருந்து வந்தது, தெளிவு, ஒளி என்று பொருள். மற்றது அயர்லாந்தில் இருந்து. அங்கே அதை ‘கீரா’ என்பதற்குக் கிட்டத்தான் சொல்வார்கள், கரியவள் என்று பொருள். ஆங்கிலத்தில் எழுத்தை மாற்றி மாற்றி எழுதி, தமிழுக்கு வந்து சேரும்போது இரண்டும் கியாராவாகிவிட்டன. உங்கள் பிள்ளை வெள்ளையா கறுப்பா என்று அந்தத் தளங்கள்தான் சண்டை பிடித்துத் தீர்க்க வேண்டும். டியாரா என்பது சீமாட்டிகள் தலையில் வைக்கிற நகை. அதை நாங்கள் ‘ரியாரா’ என்றுதான் எழுதுவோம், ஆகவே சாத்திரியாரின் ‘டி’க்கும் உதவாது. அனன்யா நல்ல வடமொழிச் சொல், தனக்கு வேறொன்று இல்லாதவள். எங்கள் ஒழுங்கையில் மட்டும் இரண்டு அனன்யாக்கள் சைக்கிள் ஓடித் திரிகிறார்கள். எண் சாத்திரத்தைப் பற்றிப் பேச எனக்கு இன்னும் வயது போதாது.

சரி, இனி அந்த ‘டி’க்கு வருகிறேன். பல நாளாக மனதில் கிடந்து உறுத்துகிற விடயம் இது.

27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நாலு பாதம், ஆக 108 எழுத்து. அவகஹடா சக்கரம் என்று பெயர். பெயரிலேயே ஒரு ‘ஹ’ இருக்கிறது பாருங்கள். அது வடமொழி எழுத்துகளை வைத்துக் கட்டிய கணக்கு. அங்கே நாலு விதமான ‘க’, நாலு விதமான ‘ட’ உண்டு. நம்மிடம் ஒவ்வொன்றுதான். பூசத்துக்கு ஹு, ஹே, ஹோ என்கிறது. அத்தத்தில் பிறந்த பிள்ளைக்கு ஒரு பாதத்தில் ‘ண’ வருகிறது. ‘ண’வில் என்ன பெயர் வைப்பீர்கள்? எனக்கு மூக்கால் முனகத்தான் வரும். தமிழில் ட, ண, ர, ல எல்லாம் சொல்லுக்கு முதலில் வராது. இராமனுக்கே முன்னால் ஓர் இகரம் போட்டுத்தான் உள்ளே விட்டோம். நன்னூலுக்குக் காண்டிகையுரை எழுதிய நாவலர் உங்களுக்குப் பக்கத்து ஊர், நல்லூர்க்காரர். அவருக்கு வைத்த பெயர் ஆறுமுகம், தகப்பன் கந்தப்பிள்ளை. வீட்டுக்குப் பக்கத்தில் யார் குடியிருக்கிறாரோ அவருடைய பெயரை வைத்தார்கள், அவ்வளவுதான். வடமராட்சியில் ஒருவர் தன் பெயர் வல்லிபுரம் என்றால் அது கோயிலின் பெயர், ஊரின் பெயரும் அதுதான். தீவுப் பக்கத்தில் நாகம்மா, நாகேஸ்வரி, நாகலிங்கம் என்று கேட்டால் நயினாதீவுக்கு ஒரு நேர்த்தி இருந்திருக்கும்.

நாங்களோ என்ன செய்கிறோம்? தினேஷ் என்றால் தினத்துக்கு ஈசன், சூரியன். அதை ஆங்கிலத்தில் எழுதி, ஆங்கிலத்திலிருந்து திரும்பத் தமிழில் எழுதி, டினேஷ் ஆக்குகிறோம். டினேஷ் யார்? ஒருவருக்கும் தெரியாது. சாத்திரியாருக்கு மட்டும் ‘டி’ கிடைத்த சந்தோசம். பிள்ளைக்கு இதைவிடப் பெரிய அநியாயம்...

சரி, கத்துவதை நிறுத்துகிறேன். எங்கள் வீட்டிலேயே ஒரு ‘டி’ இருக்கிறது.

1995 ஒக்ரோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து வலிகாமமே எழும்பி நடந்தபோது என் மனைவி நிறைமாதம். மழை. நாவற்குழிப் பாலத்தடியில் சனத்தோடு சனமாக நின்று நின்று நகர்ந்து, ஒருமாதிரி மீசாலைக்குப் போய்ச் சேர்ந்தோம். முன்பின் தெரியாத ஓர் ஆச்சி, விறாந்தை நிறைய ஆட்கள் கிடக்க, தன் அறையை எங்களுக்கு ஒழித்துத் தந்தார். இரண்டு கிழமையில் பிள்ளை பிறந்தது. ஆச்சிதான் தன் நூல் சேலையை வளையில் கட்டி ஏணை போட்டார். சேலைக் கரையில் பச்சைக் கோடு, ஓரிடத்தில் நெருப்புப் பொறி விழுந்த துவாரம். அந்தத் துவாரத்துக்குள் பிள்ளை விரலை விட்டுக்கொண்டு கிடக்கும்.

முதல் நாளே ஆச்சி பிள்ளையை ‘மாது’ என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார். அது என்ன பெயர் ஆச்சி என்று கேட்டேன். “மாதுமை. என்ரை தங்கச்சியின்ரை பேர் மோனை. கோணேசருக்கு நேர்ந்து பெத்த பிள்ளை. ஆறு வயசிலை செங்கமாரி வந்து போட்டுது” என்றார்.

திருகோணமலைக் கோணேசரோடு இருக்கிற அம்மனின் பெயர் மாதுமை. மாது, உமை. சம்பந்தர் பாடிய தலம். போர்த்துக்கீசர் 17ஆம் நூற்றாண்டில் அந்தக் கோயிலை இடித்துக் கடலில் தள்ளினார்கள். அம்மன் பெயர் மட்டும் மீசாலையில் ஒரு குசினிக்குள் அறுபது எழுபது வருசமாகக் கூப்பிட ஆளில்லாமல் இருந்திருக்கிறது. அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை. எங்களோடு இடம்பெயர்ந்த சாத்திரியார் ஒருவர் உடுப்புப் பையில் பஞ்சாங்கத்தைச் சுற்றி வைத்திருந்தார். உடுப்பு நனைந்தும் பஞ்சாங்கம் நனையவில்லை. அவர் பார்த்து ஆயிலியம், ‘டி’ என்றார். உயர்தர வகுப்புக்கு இலக்கணம் படிப்பித்துக்கொண்டிருந்த நான், மொழிக்கு முதலில் வரும் எழுத்துகளைச் சூத்திரத்தோடு ஒப்புவிக்கக்கூடிய நான், மனைவியின் பெயரில் ஒரு துண்டும் என் பெயரில் ஒரு துண்டும் வெட்டி முன்னால் ஒரு ‘டி’யை ஒட்டினேன். டிலக்சனா.

அவள் இப்போது ரொறன்ரோவில் இருக்கிறாள். வேலையிடத்தில் சுருக்கி ‘டில்’ என்கிறார்களாம். அங்கே அது வெள்ளரிக்காய் ஊறுகாயில் போடுகிற ஒரு கீரையின் பெயர். வீட்டில் இன்றைக்கும் மாதுதான். தாய் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

போன வருசம் ஒருநாள் எடுத்து, “அப்பா, என் பேருக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டாள். உங்களுக்கு எழுதியதை எல்லாம் அவளுக்கும் சொன்னேன், அவகஹடா உட்பட. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது சரி, மாதுவுக்கு?” என்றாள். ஏணை, சேலை, ஆச்சியின் தங்கச்சி எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், “அந்த ஆச்சியின்ரை பேர் என்ன?” என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. ஐந்து மாதம் அவருடைய அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டோம். ஆச்சி, ஆச்சி என்றே காலம் போய்விட்டது. மனைவியைக் கேட்டேன், அவளுக்கும் தெரியாது. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் அந்த வீடும் போய்விட்டது. மீசாலைக்குப் போய் விசாரித்தேன். அந்தக் காணியில் இப்போது வேறு ஆட்கள்.

உங்கள் கடிதத்தை இன்னொரு தரம் படித்தேன், பிள்ளை. கியாரா, டியாரா, டிஷானா, அனன்யா எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் என்ற யாழினியும் தமிழினியும்கூட இருக்கின்றன. மாமியின் தாயாருடைய பெயர் மட்டும் இல்லை. பிறப்புப் பதிவுக்கு 42 நாள் தவணை உண்டு, சாத்திரியார் அவசரப்படுத்தினால் இருக்கச் சொல்லுங்கள். மாமி பக்கத்து அறையில்தானே இருப்பார்? அவரிடம் கேட்டு, அந்தப் பெயரை எனக்கு எழுதி அனுப்புங்கள்.