எண்ணைத் தட்டினால் விண்டோ: கணினி கேள்வி–பதில்

கேள்வி: எப்போதும் எட்டுப் பத்து விண்டோ திறந்திருக்கும். ஆல்ட்–டேப் தட்டித் தட்டி அலுத்துவிட்டது. விண்டோஸ் 11-ல் புதிதாக எதையும் நிறுவாமல் வேறு வழி உண்டா?

பதில்: ஆல்ட்–டேப் காட்டுவது கடைசியாகத் தொட்ட வரிசை. நீங்கள் ஒவ்வொரு முறை தாவும்போதும் அது கலையும். அதனால்தான் கை பழகுவதே இல்லை, கண் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு செயலிக்கும் மாறாத ஓர் எண் கொடுங்கள். தினமும் வேண்டியவற்றை டாஸ்க்பாரில் 'பின்' செய்து (நிலையாகப் பொருத்தி) வரிசைப்படுத்தினால், இடமிருந்து முதலாவதுக்கு வின் (விண்டோஸ் விசை) + 1, இரண்டாவதுக்கு வின் + 2, பத்தாவதுக்கு வின் + 0. மூடியிருந்தால் திறக்கும், திறந்திருந்தால் முன்னால் வரும். ஒரே செயலியில் மூன்று நான்கு விண்டோ இருந்தால் கன்ட்ரோலையும் சேர்த்து அழுத்துங்கள். கடைசியாகப் பார்த்தது நேராக வரும். ஷிஃப்டைச் சேர்த்தால் அதே செயலியில் புது விண்டோ.

இரண்டைப் பக்கம் பக்கமாக வைக்க வின் + இடது அம்பு. மறுபாதியில் எதை வைப்பது என்று மற்ற விண்டோக்கள் சின்னதாக வரிசைகட்டும்; அம்பு விசையால் தேர்ந்து எண்டர் தட்டுங்கள், வேண்டாமென்றால் எஸ்கேப். புது டெஸ்க்டாப்புக்கு (விண்டோக்களைப் பிரித்து வைக்க இன்னொரு மெய்நிகர்த் திரை) வின் + கன்ட்ரோல் + டி. ஆனால் மூன்றாவது டெஸ்க்டாப்புக்கு எண்ணைத் தட்டித் தாவ விண்டோஸில் வழி தரப்படவில்லை. வின் + கன்ட்ரோல் + அம்பு விசையால் ஒவ்வொன்றாகத்தான் நகர வேண்டும். என்னைக் கேட்டால், இரண்டு டெஸ்க்டாப்புக்கு மேல் அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பில், திரையைப் பகுதிகளாக்கும் ஃபேன்சிஸோன்ஸில் திரையை மூன்று பத்தியாகப் பிரித்தேன். ஷிஃப்டைப் பிடித்து மவுஸால் இழுத்தால் உட்காருகிறது. வின் + அம்பு அழுத்தினால் பழையபடி பாதித் திரைக்கே போகிறது.

பதில்: விண்டோஸின் சொந்த ஸ்னாப்புக்கு (விண்டோவைத் திரையோரம் ஒட்டும் வசதி) பதிலாக வின் + அம்பை ஃபேன்சிஸோன்ஸே எடுத்துக்கொள்ளும்படி அதன் அமைப்புகளில் ஒரு தேர்வு இருக்கிறது. அதை இயக்குங்கள். பிறகும் ஏதாவது ஒரு விண்டோ மட்டும் அசையாவிட்டால், அது அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் பவர்டாய்ஸையும் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்ட வேண்டும்.

கேள்வி: லினக்ஸில் விண்டோக்களைத் தானாக அடுக்கும் ஐ3-ஐ நிறுவினேன். முதல் முறை திறந்தபோது தன் கட்டளைகளுக்கான முக்கிய விசை வின்னா ஆல்ட்டா என்று கேட்டது, ஆல்ட் என்றேன். இப்போது பிரவுசரிலும் டெர்மினலிலும் பல ஷார்ட்கட்டுகள் செத்துவிட்டன. எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் தொடங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், ஒரு வரி போதும். ஆல்ட்டைச் செயலிகள் தங்கள் வேலைக்கு ஏற்கெனவே நிறையப் பயன்படுத்துகின்றன. ஐ3 நடுவில் நின்று பிடித்துக்கொள்வதால் விசை அவற்றைப் போய்ச் சேர்வதில்லை. ஐ3-யின் கான்ஃபிக் ஃபைலில் 'மாட்' என்பதற்கு 'மாட்1' என்று மதிப்புக் கொடுத்திருக்கும் வரியைத் தேடுங்கள். மாட்1 என்றால் ஆல்ட். அதை மாட்4 ஆக்கினால் வின் விசை. சேமித்துவிட்டு ஷிஃப்ட் + சி-யால் ரீலோட் செய்யுங்கள். இந்த ஒரு முறை மட்டும் பழைய ஆல்ட்டையே கூடப் பிடிக்க வேண்டும், புது விசை ரீலோட் ஆன பிறகுதான் உயிர் பெறும். இங்கேதான் பலர் "மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை" என்கிறார்கள்.

அடுத்து நீங்கள் கேட்கப்போவது தெரியும்: விம் எடிட்டர் பழக்கத்தில் எச், ஜே, கே, எல் விசைகளால் விண்டோ விட்டு விண்டோ நகர முடியுமா? முடியும். ஆனால் ஐ3-யில் நகர்வதற்கு முதலில் தரப்பட்டிருப்பவை ஜே, கே, எல், அரைப்புள்ளி. எச் விசை கிடைமட்டமாகப் பிரிக்கும் வேலையில் இருக்கிறது. அதற்கு வேறு விசை கொடுக்காமல் எச்சுக்கு இன்னொரு வேலை சேர்த்தால், ஒரே விசைக்கு இரண்டு வேலை என்று ஐ3 பிழை காட்டும். விண்டோவையே நகர்த்தும் ஷிஃப்ட் வரிகளையும் அதே நான்குக்கு மாற்றிவிடுங்கள். நகர்வது ஒரு விசையிலும் நகர்த்துவது இன்னொன்றிலும் இருந்தால் விரல் குழம்பும்.

கேள்வி: ஐ3-யில் விசைப்பலகையைத் தமிழ்99-க்கு மாற்றியதும் வின் + எச், வின் + ஜே எதுவும் கேட்பதில்லை. வின் + எண்டர் மட்டும் வேலை செய்கிறது. ஏன்?

பதில்: விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. கான்ஃபிக்கில் 'பைண்ட்சிம்' என்று எழுதினால் ஐ3 தேடுவது 'எச்' என்ற எழுத்தை, அந்த விசையை அல்ல. ஆங்கில லேஅவுட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் தமிழைப் போட்டால் எச் என்ற எழுத்து தரும் விசையே கிடையாது. எண்டருக்கு மொழி இல்லை, அதனால் அது தப்பித்தது.

எளிய வழி: லேஅவுட் மாற்றும் கட்டளையான செட்எக்ஸ்கேபிமேப்பில் ஆங்கிலம் முதலாவது, தமிழ் இரண்டாவது என்று இரண்டையும் சேர்த்தே கொடுத்து, ஒரு விசையால் மாறிக்கொள்ளுங்கள். உறுதியான வழி: 'பைண்ட்சிம்' இருக்கும் இடத்தில் 'பைண்ட்கோட்' என்று எழுதி, எழுத்துக்குப் பதில் விசை எண்ணைக் கொடுப்பது. எச் 43, ஜே 44, கே 45, எல் 46. மற்ற விசைகளின் எண்ணை எக்ஸ்ஈவி என்ற கருவியை ஓட்டி அழுத்திப் பார்த்தால் தெரியும். ஐ3 போன்ற ஸ்வேயைப் பயன்படுத்துபவர்களுக்கு எண்ணே வேண்டாம், பைண்ட்சிம்முடன் 'டூ-கோட்' சேர்த்தால் அதுவே பார்த்துக்கொள்ளும். ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகத் தமிழ் அடிப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பொதுவாக வராது. அடியில் லேஅவுட் ஆங்கிலமாகவே இருக்கும்.

கேள்வி: லினக்ஸில் செட்எக்ஸ்கேபிமேப்பால் கேப்ஸ் லாக்கை வின் விசையாக்கினேன். கீபோர்டைக் கழற்றி மாட்டினால் பழையபடி ஆகிவிடுகிறது.

பதில்: செட்எக்ஸ்கேபிமேப் அப்போது செருகியிருக்கும் கீபோர்டுக்குத்தான் சொல்கிறது. மீண்டும் செருகும்போது எக்ஸ் சர்வர் (லினக்ஸில் திரையையும் விசைப்பலகையையும் கவனிக்கும் நிரல்) அதைப் புதிதாகக் கருதி, தன் அமைப்பைப் போடும். 'கேப்ஸ்:சூப்பர்' என்ற அதே தேர்வை எக்ஸ் சர்வரின் கான்ஃபிக்கிலேயே எழுதிவிடுங்கள், லோக்கல்சிடிஎல் கட்டளையாலும் எழுதலாம்.

கேள்வி: மேக்கில் விண்டோக்களை விசையால் அடுக்க வழி உண்டா?

பதில்: 2024-ல் வந்த மேக்ஓஎஸ் 15 முதல் எஃப்என் + கன்ட்ரோல் + அம்பு பாதித் திரைக்கு அனுப்பும், அம்புக்குப் பதில் எஃப் தட்டினால் திரை நிறையும். ஐ3 போலத் தானாக அடுக்க வேண்டுமென்றால் ஏரோஸ்பேஸ் என்ற செயலி. யாபையும் உண்டு, ஆனால் அதன் சில வசதிகளுக்குக் கணினியின் பாதுகாப்பு ஒன்றை ஓரளவு தளர்த்த வேண்டிவரும். அதற்காக அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை.