கை வைத்த இடமெல்லாம் ‘ஹேண்ட்’: கேள்வி-பதில்

உடல் குறையையும் பாதகத்தையும் குறிக்கும் ஹேண்டிகேப் என்ற ஆங்கிலச் சொல், தொப்பியைக் கையிலேந்திப் பிச்சை எடுத்தவர்களிடமிருந்து வந்ததாமே?

இல்லை. அந்தக் கதை எங்கும் பரவியிருக்கிறது, ஆனால் ஆதாரம் கிடையாது. மூலச்சொல் ‘ஹேண்ட் இன் கேப்’. தொப்பிக்குள் கையை விட்டு ஆடிய 17-ஆம் நூற்றாண்டுப் பண்டமாற்று விளையாட்டு அது. இருவர் தங்கள் பொருள்களை மாற்றிக்கொள்ள நினைப்பார்கள். மட்டமான பொருள் வைத்திருப்பவர் மேற்கொண்டு எவ்வளவு தர வேண்டும் என்று நடுவர் ஒருவர் சொல்வார். மூன்று பேரும் தொப்பியில் பந்தயப் பணம் போடுவார்கள். பிறகு அந்த இருவரும் தொப்பிக்குள் கையை விட்டு ஒரே நேரத்தில் வெளியே எடுப்பார்கள். எடுக்கும் விதத்திலேயே சம்மதமா மறுப்பா என்று தெரிந்துவிடும். இருவர் பதிலும் ஒன்றாக இருந்தால் பணம் நடுவருக்கு. ஒருவர் மட்டும் சம்மதித்தால் பணம் அவருக்கு. நாட்குறிப்பால் புகழ்பெற்ற ஆங்கிலேயர் சாமுவேல் பீப்ஸ் 1660-இல் அதில், இதற்கு முன் தான் அறியாத விளையாட்டு என்று இதைக் குறிப்பிடுகிறார்.

அப்புறம் 18-ஆம் நூற்றாண்டில் சொல் குதிரைப் பந்தயத்துக்குப் போனது. நல்ல குதிரை கூடுதல் எடை சுமக்க வேண்டும். எவ்வளவு என்பதை நடுவர் முடிவு செய்வார். அந்தச் சுமைதான் பிறகு ‘பாதகம்’ என்ற பொருளுக்கு வழிவிட்டது. உடல் குறையைக் குறிக்க இந்தச் சொல்லைப் பயன்படுத்தியது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். பிச்சைக் கதை இந்தக் காலவரிசை முன்னால் நிற்காது.

ஹேண்ட்சம் என்ற சொல்லிலும் கை இருக்கிறதா?

இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் அதற்குக் ‘கையாள எளிதானது’ என்றுதான் பொருள். கைக்கு வாகானது, பொருத்தமானது, தாராளமானது என்று நகர்ந்து அழகனிடம் வந்து சேர்ந்தது. நல்ல பெரிய தொகையை இன்றும் ஆங்கிலத்தில் ‘ஹேண்ட்சம்’ என்பது அந்த நடுக்கட்டத்தின் மிச்சம்.

குதிரையின் உயரத்தைக் கைக்கணக்கில் சொல்கிறார்கள். 14.2 கை என்றால் எவ்வளவு?

இங்கே நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அந்தப் புள்ளி தசமப் புள்ளி அல்ல. ஒரு கை 4 அங்குலம். ஆகவே 14.2 என்பது 14 கையும் 2 அங்குலமும். மொத்தம் 58 அங்குலம், ஏறக்குறைய 147 சென்டிமீட்டர். 14.3-க்கு அடுத்து வருவது 15. தரையிலிருந்து கழுத்தடித் திமில் வரைதான் அளப்பார்கள், தலை கணக்கில் வராது.

கைக்குட்டைக்கான ஹேண்ட்கர்ச்சீஃப் ஏன் இவ்வளவு நீளம்?

‘கர்ச்சீஃப்’ என்பது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. தலையை மூடும் துணி என்று பொருள். அதைக் கையில் வைத்துக்கொண்டதும் முன்னால் ‘ஹேண்ட்’ ஒட்டியது. சட்டைப்பைக்குள் போனதும் ‘பாக்கெட்’டும் சேர்ந்தது. தலைத்துணி, கைத்துணி, பைத்துணி மூன்றும் ஒரே பெயருக்குள்!

சர்ஜன் என்ற சொல்லுக்கும் கைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் ‘ஹேண்ட்’ வழியாக அல்ல. ‘ஹேண்ட்’ ஜெர்மானிய மொழிக் குடும்பத்துச் சொல். ஜெர்மனிலும் டச்சிலும் அதே ‘ஹாண்ட்’தான். கிரேக்கத்தில் கைக்குக் ‘கெய்ர்’, வேலைக்கு ‘எர்கோன்’. இரண்டும் சேர்ந்து ‘கையால் வேலை செய்பவர்’ என்றாகி, லத்தீனும் பிரெஞ்சும் தாண்டி சர்ஜன் ஆனது. மானுவல், மேனுஸ்கிரிப்ட், மேனிக்யூர் எல்லாம் லத்தீனின் ‘மானுஸ்’ வீட்டுப் பிள்ளைகள். அதுவும் கைதான்.